மருந்து கசியும் காண்டாக்ட் லென்ஸ்: அணிபவர் அறிய வேண்டிய முறைகள்

கண்ணில் விடும் சொட்டு மருந்தின் பெரும்பகுதி கண்ணுக்குப் பயன்படுவதே இல்லை. புட்டியிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். விழியின் மேல் இயல்பாகப் படர்ந்திருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர் அளவுதான். கீழிமையை இழுத்துப் பிடித்து விட்டாலும் அங்கே சுமார் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் தங்க இடமில்லை. மிஞ்சியது கன்னத்தில் வழிகிறது, அல்லது மூக்கோரத்துக் கண்ணீர்க் குழாய் வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது. தங்கிய கொஞ்சமும் இமைக்க இமைக்கச் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடுவதால், கண்ணுக்குள் சென்று சேர்வது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு.

மருந்தை விழியின் மேலேயே மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும் என்றால் காண்டாக்ட் லென்ஸைவிடப் பொருத்தமான ஊர்தி இல்லை. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையிலுள்ள மெல்லிய கண்ணீர்ப் படலம் எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கே கசியும் மருந்து அரை மணி நேரம் போலத் தங்கிக் கருவிழியோடு உறவாடுகிறது. இந்த எண்ணம் புதியதன்று. மென்மையான லென்ஸை உருவாக்கிய செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பொருட்களை இணைத்துத் தம் வீட்டிலேயே லென்ஸ் வார்க்கும் கருவியைச் செய்தவர். 1965இல் கிடைத்த காப்புரிமையிலேயே லென்ஸ் செய்யப்படும், நீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும் நீர்ப்பசைப் பொருளில் மருந்தை ஏற்றலாம் என்ற யோசனை இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அது மருந்தாக அனுமதி பெற்று நோயாளியின் கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் அக்யூவ்யூ தெராவிஷன் என்ற, ஒவ்வாமை அரிப்பைத் தடுக்கும் கீட்டோடிஃபென் மருந்து ஏற்றிய லென்ஸுக்கு ஜப்பான் 2021இலும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 மார்ச்சிலும் அனுமதி அளித்தன, கனடாவும் அனுமதித்தது. இந்த வழிகாட்டி முதன்மையாக அந்த லென்ஸைப் பற்றியது. அதை அணிபவர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: கையில் இருப்பது லென்ஸ் மட்டுமன்று, ஒரு வேளை மருந்தும்கூட. ஆகவே லென்ஸுக்கு உரிய சுத்தமும் மருந்துக்கு உரிய அளவும் நேரமும் இரண்டுமே அதற்குப் பொருந்தும். மக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றை மறப்பதால் வருபவை.

யாருக்கு உரியது

ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பைத் தடுப்பதே இதன் வேலை. மகரந்தம், தூசுப் பூச்சி, செல்லப் பிராணிகளின் பொடுகு முதலியவை கண்ணில் பட்டவுடன் இமையின் உட்புறத்திலும் விழி வெண்படலத்திலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது நரம்பு முனைகளைத் தூண்டும்போது அரிப்பு உண்டாகிறது. கீட்டோடிஃபென் ஹிஸ்டமின் அமரும் இடத்தை அடைத்துக்கொள்வதோடு, மாஸ்ட் செல்கள் மேலும் ஹிஸ்டமினைக் கொட்டாதபடியும் செய்கிறது. ஜப்பானில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுகி மரத்தின் மகரந்தம் ஊரெல்லாம் பறக்கும்போதும், டொரன்டோ போன்ற நகரங்களில் ஆகஸ்டு தொடங்கி உறைபனி விழும்வரை ராக்வீட் களையின் மகரந்தம் பரவும்போதும், காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் பலர் அதைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்புவார்கள். அவர்களுக்காகவே இது செய்யப்பட்டது.

அனுமதியின் எல்லை குறுகியது; அதைத் தாண்டிப் பயன்படுத்தக் கூடாது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ உள்ளவராக இருக்கலாம். ஆனால் கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் 1.00 டயாப்டருக்கு (லென்ஸ் பவரின் அலகு) மேல் இருக்கக் கூடாது. கண் காண்டாக்ட் லென்ஸ் அணிவதற்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கண் சிவந்திருக்கக் கூடாது. ஒவ்வாமையில் கண் சிவப்பது இயல்புதானே, பிறகு ஏன் இந்தத் தடை என்று பலர் கேட்பதுண்டு. சிவப்பு ஒவ்வாமையாலும் வரும், கிருமித் தொற்றாலும் வரும், கருவிழிப் புண்ணாலும் வரும். மேலோட்டமாகப் பார்த்து எது என்று அணிபவரால் சொல்ல இயலாது. தொற்று உள்ள கண்ணின் மேல் லென்ஸை வைப்பது காயத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி மூடுவதற்குச் சமம். எனவே சிவந்த நாளில் கண்ணாடி, தெளிந்த நாளில் லென்ஸ் என்பதே முறை.

மற்றொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். லென்ஸைக் கழற்றிய பிறகு அரிப்பு அதிகரிக்கிறது, லென்ஸ் மேலே நகர்ந்துகொண்டே இருக்கிறது, காலையில் கண்ணில் சளி போல ஒட்டுகிறது என்றால், அது பருவகால ஒவ்வாமையாக இல்லாமல், லென்ஸே மேலிமையின் உட்புறத்தை உராய்த்து உண்டாக்கிய அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து லென்ஸ் தீர்வாகாது. மேலிமையை மடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் அதைக் கண் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன்

பவர் எண் தெரியும் என்பதற்காக இணையத்தில் வாங்குவது சரியன்று. கருவிழியின் வளைவை அளந்து, லென்ஸ் விழியின் நடுவில் அமர்கிறதா, இமைக்கும்போது அளவாக நகர்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து, வறட்சி உள்ளதா என்று சோதித்த பிறகே சீட்டு எழுத வேண்டும். கீட்டோடிஃபென் ஒவ்வாதவர்களும், வேறு கண் சொட்டு மருந்து பயன்படுத்துபவர்களும், கருவுற்றவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இதற்கு முன் காண்டாக்ட் லென்ஸே அணியாதவர், அரிப்புக்காக மட்டும் இதைத் தொடங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, 0.025 விழுக்காடு கீட்டோடிஃபென் சொட்டு மருந்தை நாளைக்கு இரு வேளை விட்டாலே அவருக்கு அந்த வேலை முடிந்துவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். அந்தச் சொட்டு மருந்தின் ஒரு துளியை 40 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் 10 மைக்ரோகிராம் கீட்டோடிஃபென் இருக்கும். ஒரு லென்ஸில் ஏற்றப்பட்டிருப்பது 19 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கண்ணுக்கு ஒரு நாளில் விட வேண்டிய இரு துளிகளின் மருந்து ஏறக்குறைய ஒரு லென்ஸில் அடங்கியிருக்கிறது. ஒரு கண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ் என்ற வரையறை ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அணியும் முறை

நேரத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். இதன் ஆய்வுகளில் மொத்தம் 244 பேர் பங்கேற்றனர். லென்ஸை அணிவித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்தும் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் ஒவ்வாமைப் பொருளைக் கண்ணில் விட்டு அரிப்பை அளந்தார்கள். மருந்து இல்லாத லென்ஸ் அணிந்தவர்களைவிட மருந்து லென்ஸ் அணிந்தவர்களுக்கு இரு வேளைகளிலும் அரிப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அரிப்பு வந்த பிறகு அணிவதைவிட, வருவதற்கு முன் அணிவதற்கே இந்தச் சான்று துணை நிற்கிறது. ஆகவே வீட்டை விட்டு வெளியே இறங்குவதற்குக் குறைந்தது கால் மணி நேரம் முன்னதாக, கதவும் சன்னலும் மூடிய அறையில் அணிந்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு அணிந்தால் மாலை ஏழு மணி வரை மருந்தின் பயன் இருக்கும். மாலையில்தான் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ போகிறீர்கள் என்றால், காலையில் கண்ணாடி அணிந்து, நண்பகலுக்குப் பின் லென்ஸ் போடுவதே கணக்குக்கு ஒத்துவரும்.

கையை வாசனை எண்ணெய் கலக்காத சோப்பால் கழுவி, நூல் உதிராத துணியில் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். குழாய் நீரின் ஒரு துளிகூட லென்ஸில் படக் கூடாது. அதில் வாழக்கூடிய அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிர் கருவிழிக்குள் புகுந்தால் வரும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் பார்வையையே பறிக்கக்கூடியது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் குளியல் முடிந்து முகம் உலர்ந்த பிறகே லென்ஸை எடுக்க வேண்டும். மிளகாய் நறுக்கிய கை சோப்பில் ஒரு முறை கழுவினால் போதாது என்பது நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். லென்ஸ் அணியும் வேலையை முதலில் முடித்துவிட்டுச் சமையலுக்குப் போவதே மேல்.

சிறு பொதியின் மேலுறையை உரித்தபின், லென்ஸை விரல் நுனியில் வைத்து ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு கிண்ணம்போல நேராக எழுந்தால் சரியான பக்கம். தட்டின் ஓரம்போல வெளியே விரிந்தால் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது. ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். பொதியிலிருந்து எடுத்ததை வேறு எந்தத் திரவத்திலும் அலசக் கூடாது. சாதாரண லென்ஸ் அணிவோருக்கு அலசுவது கை பழகிய வேலை. இங்கே அது மருந்தைக் கழுவிக் கொட்டுவதாகும். எப்போதும் வலக் கண்ணிலிருந்தே தொடங்கினால் இரு கண்களின் பவர் மாறிப்போகாது. நடுவிரலால் கீழிமையைத் தாழ்த்தி, மறு கை விரலால் மேலிமையை உயர்த்தி, நேரே பார்த்தபடி லென்ஸைக் கருவிழியின் மேல் மெதுவாக வைத்து, கீழே பார்த்து, இமையை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு முறை மெல்ல இமைத்தால் அது தானாக நடுவுக்கு வந்துவிடும். அணிந்தவுடன் இலேசான எரிச்சல் தோன்றலாம். ஆய்வுகளில் எரிச்சலும் வலியும் நூற்றில் இரண்டு கண்களுக்கும் குறைவாகவே பதிவாயின. சில நிமிடங்களில் அது அடங்காவிட்டால் கழற்றிவிட வேண்டும். கண் மை, இமைப் பூச்சு முதலியவை லென்ஸ் அணிந்த பிறகே. மையை இமையின் உள்விளிம்பில் தீட்டுவதை அந்தப் பருவம் முடியும்வரை நிறுத்திவைப்பது நல்லது.

அணிந்திருக்கும் வேளையில்

அரிப்பு முழுவதும் நிற்காமல் சற்று மிஞ்சினாலும் கண்ணைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மாஸ்ட் செல்கள் உடைந்து மேலும் ஹிஸ்டமின் வெளியாகும். லென்ஸும் மடங்கி மேலிமைக்குள் ஒதுங்கும். மூடிய இமையின் மேல் குளிர்ந்த துணியை வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸின் மேலேயே இன்னொரு சொட்டு மருந்தை விடக் கூடாது. பல சொட்டு மருந்துகளில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதனப் பொருள் உள்ளது. மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் நாள் முழுவதும் கருவிழியின் மேல் கசியவிடும். மருந்தைச் சேமித்துத் தரும் அதே இயல்பு இங்கே தீமையாக முடிகிறது. கண் அழுத்த நோய்க்கோ வறட்சிக்கோ வேறு சொட்டு விடுபவர்கள் காலையில் அதை விட்டுக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழித்தே லென்ஸ் அணிய வேண்டும். மாலை வேளை மருந்தை லென்ஸைக் கழற்றிய பிறகு விட வேண்டும்.

கழற்றுதல்

பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அது பார்வை தரும் சாதாரண லென்ஸ்தான். பார்வைக்காகச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருப்பதில் தவறில்லை; அரிப்பு திரும்பியதற்காக அன்றைக்கே இரண்டாவது லென்ஸை அணிவதுதான் தவறு. தூங்குவதற்கு முன் கட்டாயம் கழற்ற வேண்டும், பகல் தூக்கமும் இதில் அடங்கும். லென்ஸோடு உறங்குபவர்களுக்குக் கருவிழித் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகரிக்கிறது. கழற்றியதைத் திரவத்தில் ஊறவைத்து மறுநாள் அணியலாம் என்ற சிக்கன எண்ணம் இங்கே உதவாது: மருந்து போய்விட்டது, லென்ஸோ ஒரே நாள் உழைப்புக்காகச் செய்யப்பட்டது. குப்பைத் தொட்டியில் போடுங்கள், கழிப்பறையில் அன்று.

வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல், சீழ் போன்ற கசிவு, திடீரென்று பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் லென்ஸை உடனே எடுத்துவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரிப்புக்கான மருந்து உள்ளே இருப்பதால் சரியாகிவிடும் என்று காத்திருப்பது ஆபத்தானது. கீட்டோடிஃபென் கிருமியைக் கொல்வதில்லை.

வீட்டில் ஊறவைக்கலாமா

வேண்டாம். சாதாரண லென்ஸைச் சொட்டு மருந்தில் இரவு முழுவதும் போட்டு வைத்தால் இதே பயன் கிடைக்காதா என்ற கேள்வி எளிதாக எழக்கூடியது, விக்டர்லேயின் காலத்தில் ஆய்வாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. அவர்கள் கண்ட சிக்கல் இன்றும் மாறவில்லை. ஊறவைத்த லென்ஸ் தன்னிடமுள்ள மருந்தில் பெரும்பகுதியை முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடுகிறது. தொடக்கத்தில் அளவுக்கு மீறிய மருந்து, பிறகு ஒன்றுமில்லை. எவ்வளவு உறிஞ்சியது என்பதும் வீட்டில் அளக்க இயலாத ஒன்று. பதனப் பொருளும் சேர்ந்தே ஏறும். இந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே ஆய்வுக்கூடங்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கின்றன: ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வைட்டமின் ஈயை லென்ஸுக்குள் ஏற்றி, மருந்து சுற்றிச் சுற்றி வெளியேறும்படி தடுப்பு அமைத்தார்கள், வேறு சிலர் மருந்து மூலக்கூறின் வடிவத்துக்கு ஏற்ற குழிகள் பதிந்த நெகிழியைச் செய்தார்கள்.

கண் மருத்துவர் போட்டுவிடும் பேண்டேஜ் லென்ஸோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருவிழியின் மேல்தோல் உரிந்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, வலியைக் குறைத்துப் புண் ஆறுவதற்காக மருத்துவர் பவர் இல்லாத மென் லென்ஸ் ஒன்றைப் பொருத்துவார். அதில் மருந்து கிடையாது. அது ஒரு கட்டு மட்டுமே. அங்கே விதிகள் நேர் எதிரானவை: மருத்துவர் சொல்லும் கிருமிக்கொல்லிச் சொட்டை லென்ஸின் மேலேயே விட வேண்டும், அவர் சொல்லும்வரை இரவிலும் கழற்றக் கூடாது, தானாக விழுந்துவிட்டால் எடுத்துத் திரும்பப் போடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு

இந்த நோயாளிகளே இப்படி ஒரு லென்ஸை மிகவும் எதிர்பார்ப்பவர்கள். ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் சொட்டு விட வேண்டும், கை நடுங்கும் வயதில் துளி கண்ணில் விழாது, வலியில்லாத நோய் என்பதால் மறதியும் கூடவே வரும். 1974இலேயே கண் அழுத்தத்தைக் குறைக்கும் பைலோகார்பின் மருந்தை ஒரு வாரத்துக்குக் கசியவிடும் ஆக்குசெர்ட் என்ற சிறு தகடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இமைக்குள் செருகப்படும் அது நழுவி விழுந்துவிடுவது உண்டு, பிற்பாடு சந்தையிலிருந்தே மறைந்தது. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், லென்ஸின் ஓரத்தில் வளையமாக, கண் அழுத்தத்தைக் குறைக்கும் லட்டானோப்ராஸ்ட் மருந்தின் படலத்தைப் பதித்து, நடுவைத் தெளிவாக விட்டு, கண் அழுத்தம் மிகுந்த குரங்குகளுக்கு அணிவித்தனர். கூடுதல் மருந்து ஏற்றிய லென்ஸ், அன்றாடச் சொட்டு மருந்தைவிட அழுத்தத்தை மேலும் குறைத்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் குரங்குகளில் கிடைத்த முடிவை வைத்து மனிதர் தம் மருந்தை நிறுத்த இயலாது. கீட்டோடிஃபென் லென்ஸ் கண் அழுத்தத்தைக் குறைப்பதற்கானதும் அன்று.

ஆகவே அவர்கள் இப்போதைக்குச் சொட்டு மருந்தையே முழுப் பயனோடு விடக் கற்றுக்கொள்ள வேண்டும். தலையைச் சாய்த்து, கீழிமையைப் பை போல இழுத்து, புட்டியின் நுனி இமையில் படாதபடி ஒரே ஒரு துளி விடுங்கள். இரண்டாவது துளி கன்னத்துக்குத்தான் போகும். கண்ணை மூடி, இமைக்காமல், மூக்கை ஒட்டிய கண்ணின் மூலையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தொண்டைக்கு இறங்கும் வழி அடைபட்டு, மருந்து விழியிலேயே தங்கும். இரண்டு வகைச் சொட்டுகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். கை நடுங்குபவர் படுத்துக்கொண்டு, நெற்றியில் கையை ஊன்றி விடலாம். அதுவும் இயலாவிட்டால் வீட்டில் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடலாம்.